மாதாவுக்கு ஒரு பொட்டலம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலம் போகிற கெலாங் பாத்தாவில் ஒரு சின்னப் பொட்டலம் செய்த கூத்தைச் சொல்கிறேன்.

செல்வராணியின் பக்கத்து வீட்டு ரெஜினா வேளாங்கண்ணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பால் கொண்டுபோன பையனுக்கு மாதா காட்சி தந்ததாகச் சொல்வார்களே, அந்த ஊர்தான். அவளிடம் செல்வராணி மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை நீட்டியபோது, வேலை முடிந்து ஹெல்மெட்டும் கையுமாக நுழைந்தாள் மருமகள் பிரேமலா.

பிரேமலாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டுகிறவர்கள் மாதாவுக்கு வெள்ளித் தொட்டில் காணிக்கை போடுவது ஊரறிந்த வழக்கம்.

"முருகன் கோயிலு முடிஞ்சி இப்ப மாதாவா, அத்தை? ஊரே என் வயித்தப் பத்திப் பேசுது. நீங்களுமா?"

"அலமாக்! நான் வாயே தொறக்கலியே லா!"

"அதான் தொட்டிலு பேசுதே!"

பிரேமலா பொட்டலத்தைப் பிடுங்கி அவிழ்த்தாள். உள்ளே தொட்டில் இல்லை. கட்டைவிரல் அளவில் ஒரு வெள்ளி மோட்டார் சைக்கிள் இருந்தது.

"தெனமும் சிங்கப்பூர் பாலத்துல லாரிங்களுக்கு நடுவுல போற. நீ வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அதான் ஆசாரிகிட்ட சொல்லிச் செய்ய வெச்சேன்," என்றாள் செல்வராணி.

பிரேமலா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை உற்றுப் பார்த்தாள்.

"சைடு கண்ணாடி இல்லியே, அத்தை. போலீஸ் புடிக்குமே!"

"அத மாதா பாத்துக்குவாங்க. நீ ஸ்பீடக் கொற!"

உங்கள் வீட்டு வாசல் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் பத்திரமாகத் திரும்பி வந்து, சூடாறாத சோறு சாப்பிடட்டும், கண்ணுகளா.