புதுசா, பழசா?

மருத்துவமனை சர்வரில் மென்பொருளின் எந்தப் பதிப்பை நிறுவுவது என்று இன்னும் முடிவாகவில்லை. சர்வர் நின்றால் ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றுகூட டாக்டர்களுக்குப் போகாது.

“பழைய பதிப்பே போதும் சார்,” என்றாள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன பெண்.

“ஏம்மா, புதுசு இருக்கும்போது யாராவது பழசைப் போடுவாங்களா?” என்றார் மேலாளர்.

“கூட்டம் அதிகமானா புதுசு நின்னுடும் சார்.”

மேலாளர் சிரித்தார். “அப்போ அதை வெளியிட்டவங்க எல்லாம் விவரம் தெரியாதவங்களா?”

“சோதிச்சு முடிக்கிறதுக்குள்ள அவசரப்பட்டுட்டாங்க சார்.”

“பக்கத்துல நின்னு பார்த்த மாதிரி சொல்றியே!”

“நிக்கல சார். உட்கார்ந்து அதை எழுதினதே நான்தான். இப்போ வெளியிடாதீங்கன்னு சொன்னேன், வேலையை விட்டு அனுப்பிட்டாங்க.”

மேலாளர் எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உட்காரும்மா. பழசையே போடு.”