தலைமாட்டில் ஒரு கன்ட்ரோலர்

சோலார் கடை பெஞ்சில், கைப்பையைத் தலைக்கு வைத்து, கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள் வேன்காரரின் மனைவி. வேனிலேயே குடித்தனம் பண்ணி ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்று மூன்று மாதமாக நோட்டும் கையுமாக அலைகிறார் மனிதர். கூரை சோலாரின் கரண்டைப் பதமாக பேட்டரிக்கு அனுப்பும் சார்ஜ் கன்ட்ரோலரை மாட்ட ஒரே இடம்தான் மிச்சம்: அவள் தலைமாடு. "மத்தியானத் தூக்கம் கெட்டா நான் வரமாட்டேன். நீங்களும் வேனும் மட்டும் போய்ட்டு வாங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தப் பரீட்சை. கடையில் இருக்கும் இரண்டு கன்ட்ரோலரில் சின்னது அவள் காதருகே கம்மென்று கிடக்கிறது. "ஆனா மேகம் போட்டா இதுவும் படுத்துக்கும் சார்" என்கிறார் கடைக்காரர். பெரியதைச் செருகியதும் அதன் குட்டி விசிறி கொர்ரென்று சுற்றுகிறது. வேன்காரர் நோட்டில் எழுதி, அடியில் மூன்று கோடு போட்டு வைத்திருப்பது இந்தப் பெரியதைத்தான். அவர் முகம் தொங்கிப்போகிறது.

"சத்தம் அதிகமா இருக்காம்மா?" என்கிறார் மெல்ல.

"இருபத்தெட்டு வருஷமா உங்க குறட்டையக் கேட்டவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?" கடைசி வார்த்தை பாதியிலேயே கரைகிறது. அடுத்து வருவது அவள் குறட்டை.

"அணைச்சுப் பெட்டியில போட்டுறவா சார்?" என்று கடைக்காரர் கன்ட்ரோலரிடம் கையை நீட்டுகிறார்.

வேன்காரர் பாய்ந்து அவர் கையைப் பிடிக்கிறார். "ஐயோ, தொடாதீங்க! முழிச்சா மனசு மாறிடும்."

விசிறி ஓடுகிறது. கடைக்காரர் அவள் முகத்தில் வெயில் விழாதபடி ஷட்டரைப் பாதி இறக்குகிறார்.