சத்தமில்லாத விசிறி

பிற்பகல் வெயில் மேசை வரை வந்திருக்கிறது. கம்ப்யூட்டரின் பக்கத் தகடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. கணவர் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, பிராசசரின் நடுவில் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவு பிதுக்குகிறார். மனைவி டார்ச் பிடிக்கிறாள். வெளிச்சம் பசையின்மேல் இல்லை, அவர் முகத்தின்மேல் இருக்கிறது. "இங்க காட்டு." காட்டுகிறாள். ஏழு வருஷமாக அந்தப் பழைய விசிறிதான் அவளுக்கு உளவாளி. ஆபீஸ் வேலை என்றால் முனகும். கார் பந்தய விளையாட்டு என்றால் அடுப்படி வரை இரையும். "பழசு நல்லாத்தானே ஓடுச்சு?" "சூடு தாங்கல." "விளையாட்டையே விட்டாச்சுன்னீங்க. அப்புறம் எதுல சூடாகுது?" அவர், சூட்டை இழுக்கத் தகடு தகடாக அடுக்கிய கனத்த ஹீட்சிங்க்கை இறக்கி, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி முறுக்குகிறார். புது விசிறி வாங்கிய கடையிலும் விலையைக் கேட்குமுன் சத்தம் வருமா என்றுதான் கேட்டார். வீட்டில் ஓர் ஆணிகூட இவ்வளவு பொறுமையாக அடித்ததில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? புது விசிறியின் ஒயரைச் சொருகி, சுவிட்சைப் போடுகிறார். இறக்கைகள் சுற்றுவது தெரிகிறது, கேட்கவில்லை. "பாத்தியா, ஓடுறதே தெரியல," என்கிறார். அவள் டார்ச்சை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் உள்ளங்கையை வைக்கிறாள். வெதுவெதுப்பான காற்று விரலிடுக்கில் வருகிறது. "சும்மா ஓடுறப்ப இவ்வளவுதான் சுடும், இல்லங்க?" "ஆமா," என்றுவிட்டு, அவர் அந்தக் கையைப் பார்க்கிறார். அது அங்கேயே இருக்கிறது.