ஆறு மணி ஜெபம்

"ம்மா, மூப்பர் பாக்குறார்."

ரூத் முள்கரண்டியைப் பாதி வழியிலேயே நிறுத்தினாள்.

"கையைக் கூப்பு. சீக்கிரம்!" ஃபெம்மி மகளின் தலையைப் பிடித்துக் குனிய வைத்து, தானும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரியாக ஆறு மணிக்கு எதிர்வீட்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவார் சபை மூப்பர் ஹெஸ்ஸல். தெரு என்ன பெரிய தெருவா? ரெண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று இறங்கி நிற்க வேண்டும். ஜன்னல் விளிம்புப் பூந்தொட்டிகளுக்கு மேலே அவருடைய நரைத்த தலை மட்டும் தெரியும். அந்தத் தலை இந்தப் பக்கம்தான் திரும்பியிருக்கும்.

கணவன் யெல்லே வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறில் கவலையில்லை. அவன் ஜெபிப்பான், வேதம் வாசிப்பான். திங்கள் விடியுமுன் மீன்படகில் ஏறினால், திரும்புவது வெள்ளி இரவு. அதுவரை அந்த மேசைக்கு அவளும், அஞ்சு வயசு மகளும், ஒரு காலி நாற்காலியும்தான்.

கண்ணை மூடினால் ஃபெம்மிக்கு வார்த்தையே வராது. கடல்காற்று கதவை ஆட்டுகிற சத்தம் கேட்கும். உருளைக்கிழங்கு ஆறுதே என்று தோன்றும். ஆனாலும் எதிர்வீட்டுக் கண் நம்புகிற அளவுக்கு மூடியே வைத்திருப்பாள்.

"அவர் பாட்டுக்கு அவர் வீட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கார். உனக்கென்னடி?" என்றான் யெல்லே, போனில்.

"எனக்கென்னவா? சபை சார்பா வீடு சந்திக்க வந்தப்போ அந்த மனுஷன் என்ன கேட்டார்? 'புருஷன் கடல்ல இருக்கிற நாள்லயும் மேசையில ஜெபம் உண்டா'ன்னு கேட்டார்ல?"

"நீ என்ன சொன்ன?"

"உண்டுன்னேன்."

"அப்போ அனுபவி." சிரித்தான். "பேசாம திரையை இழுத்து விட்டுடு."

"நல்லா சொன்ன! படகு போன வீட்டுல திரை விழுந்துச்சுன்னா ஊர் என்ன பேசும்? நீ வந்து சேர்றதுக்குள்ள எனக்கு இன்னொரு மாப்பிள்ளையே பார்த்து முடிச்சிருப்பாங்க."

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தாள். வைத்ததும் வீடு கப்பென்று அமைதியாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ரூத் பாலைக் கொட்டினாள். மேசைவிரிப்பு, பாவாடை, தரை, எல்லாம் பால்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் ஒழுங்கா சாப்பிட மாட்டியா நீ!" ஃபெம்மி மேசையில் ஓங்கித் தட்டினாள். குழந்தை வீறிட்டது.

நிமிர்ந்தால், எதிரே அந்த நரைத்த தலை. அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாருங்க! நல்லாப் பாருங்க!" விடுவிடுவென்று எழுந்து போய்த் திரையை இழுத்து மூடினாள்.

அன்றைக்கு யாரும் கை கூப்பவில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் நாலு சுவரும் ஒரு அடி உள்ளே வந்துவிட்ட மாதிரி, அந்தக் காலி நாற்காலி முன்னைவிடப் பெரிசாகத் தெரிந்தது. புதன்கிழமையும் அப்படியே.

வியாழன் ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

மூப்பர் ஹெஸ்ஸல். ஞாயிற்றுக்கிழமைக் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். கையில் ஒரு தட்டு, அதன்மேல் இன்னொரு தட்டு கவிழ்த்திருந்தது.

மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் ஃபெம்மி.

"திரை போட்டுட்டீங்க போல."

"அது... காத்து, ஐயா. ஜன்னல் இடுக்கு வழியா ஒரே குளிரு."

"ம்." அவர் பார்வை மேசைக்குப் போய்த் திரும்பியது. "ஜெபம் நடக்குதாம்மா?"

"நடக்குதே! அதெல்லாம் தவறாம நடக்குது."

மூப்பர் கையிலிருந்த தட்டையே பார்த்தார்.

"எனக்கு நடக்கல."

ஃபெம்மிக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் வீட்டுக்காரி கிளாஸ்யே இருந்தவரைக்கும் அவ எதிர்ல உக்காந்திருப்பா, நான் ஜெபிப்பேன். அவ போனதுல இருந்து முடியலம்மா. ஆலயத்துல அத்தனை பேர் முன்னாடி நின்னா நிக்காம வருது. ஒத்தையில தட்டு முன்னாடி உக்காந்தா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. ஜெபிக்காம சாப்பிட்டும் பழக்கமில்ல."

தட்டை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

"அதான் உங்க வீட்டைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். நீ புள்ளையக் குனிய வெச்சுக் கண்ணை மூடினதும் நானும் மூடிக்குவேன். உங்க கூடவே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் சாப்பாடு இறங்கும். ரெண்டு நாளா..."

மேல்தட்டைத் தூக்கிக் காட்டினார். உருளைக்கிழங்கும் மீனும் தொட்ட சுவடில்லாமல் கிடந்தன.

ஃபெம்மியால் அந்த முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. என்ன சொல்வது? எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரூத்துக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. நாற்காலியிலிருந்தபடியே பளிச்சென்று சொன்னாள்.

"நாங்களும் நீங்க பாக்குறீங்கன்னுதான் ஜெபம் பண்றோம்! நீங்க பாக்கலன்னா பண்ணவே மாட்டோம்!"

"ரூத்!"

ஃபெம்மியின் காது மடல் வரைக்கும் சுட்டது. மூப்பர் குழந்தையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். இறுகியிருந்த அவர் உதடு மெல்ல நெளிந்தது. கிளாஸ்யே போனபிறகு அந்த முகத்தில் சிரிப்பை அந்தத் தெருவில் யாருமே பார்த்ததில்லை.

"அப்படியா சங்கதி? அப்போ நான் உள்ள வந்து உங்களோட உக்காந்துட்டா," என்று கேட்டார், "நம்ம மூணு பேரையும் யாரு பாப்பாங்க?"