குப்பைமேட்டின் காய்ச்சல்

நான்கு நாளாகக் குப்பைமேடு உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டிகள் மேலே தண்ணீரைக் கொட்ட, அடிவாரக் குடிசைகளில் பிள்ளைகள் புகையில் இருமினார்கள். இருபது வருடமாக அங்கே குப்பை பொறுக்கும் சவரியம்மா, வெறுங்காலோடு மேட்டில் ஏறினாள். மூட்டைக்குள் கைவிட்டு அரிசி பார்க்கும் தரகரின் நிதானத்தோடு பாதத்தை அடியடியாக வைத்துச் சூடு பார்த்து, ஓரிடத்தில் நின்றாள்.

"இங்க தோண்டுங்க சார்."

"ஏம்மா, குப்பைக்கு நாடி பாக்குறியா?" என்றார் தீயணைப்பு அதிகாரி.

"நாலு நாளா குளிப்பாட்டுறீங்களே, காய்ச்சல் எறங்குச்சா?"

பொக்லைன் தோண்டியது. ஆளுயர ஆழத்தில் கங்கு சிவந்து கிடந்தது. அணைத்தார்கள்.

"அம்மா, அவ்வளவுதானுங்களா?" அதிகாரியின் குரலே மாறியிருந்தது.

அவள் பாதத்தை வைத்து வைத்துப் பார்த்தபடி சரிவில் இறங்கினாள். தீயணைப்புப் படை மொத்தமும் அவள் பின்னால் இறங்கியது. முதல் குடிசையின் வாசலில் நின்றாள். பாதத்தை எடுக்கவில்லை.