முழங்காலில் ஒரு துண்டு

எதிர்க்கட்சியைக் கிழிக்கத் தொடங்குமுன் வேட்டியை மடித்துக் கட்டுவது பேச்சாளர் பூபாலனின் வழக்கம். பாதிக் கூட்டம் அதைப் பார்க்கத்தான் வரும். இன்று மேடைக்கு வரும் வழியில் பைக் சறுக்கி முழங்காலில் ரத்தம் கொட்டியது. எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளர் ஜெயசீலன்தான் ஓடிவந்து, தன் தோளில் கிடந்த கட்சித் துண்டால் இறுக்கிக் கட்டினான். "மேடையில வேட்டிய மடிச்சுக் கட்டிராதீங்கண்ணே. உங்க ஆளுங்க கலரப் பாத்துருவாங்க" என்றான்.

"அந்த ஜெயசீலன் இருக்கானே..." என்று பூபாலன் மைக்கில் ஆரம்பித்ததும் விசில் பறந்தது. "மடிச்சுக் கட்டுண்ணே" என்று முன்வரிசை கத்தியது. அவர் கை வேட்டி நுனிவரை போய்த் திரும்பியது. "என்னய்யா, கட்டு" என்றார் பின்னாலிருந்த மாவட்டச் செயலாளர்.

பூபாலன் குனிந்து வேட்டியை மெதுவாக மடித்துக் கட்டினார். விசில் நின்றது.

"அந்த ஜெயசீலன் இருக்கானே..." என்று மறுபடி ஆரம்பித்தார்.