சோப்புப் போடாத நாள்

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

ஆய்வக உதவியாளர் சூசைமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மயிரிழை நுழையும் துளை. ஆறு மாதமாகத் தண்ணீர் சோம்பி நின்றுவிடும் இடத்தை இன்று தாண்டியது. புத்தகம் சொன்ன உயரத்தில் போய் நின்றது.

ஆராய்ச்சி மாணவி செண்பகவல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“காத்துதாண்ணே. தண்ணில கரைஞ்சிருந்த காத்து. ரெண்டு மணி நேரம் கொதிக்க வச்சேம்லா, எல்லாம் போயிட்டு.”

அவள் கண் கலங்கியிருந்தது.

ஆறு மாதமும் அளவு குறைவாகவே வந்தது. இந்த வேலைக்கு உன் கை லாயக்கில்லை என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். படிப்பை விட்டுவிடுகிறேன் என்று போன வாரம் அவள் அப்பாவிடம் போனில் அழுததை, சூசைமுத்து தன் காதாலேயே கேட்டார்.

காரணம் காற்று இல்லை.

குழாய் கழுவுவது அவர் வேலை. மற்றவர்கள் குழாய்க்கு வெறும் தண்ணீர்தான். இவள் வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுகிறவள். இவள் குழாய்க்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை சோப்புத் திரவம். பளபளவென்று இருக்கட்டுமே என்று.

நேற்று முதலாண்டு வகுப்பில் பேராசிரியர் பாடம் நடத்தினார். கரைந்த காற்று தண்ணீரின் பரப்பு இழுவிசையை இம்மியளவுதான் குறைக்கும். குழாயில் சோப்பு ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலே போதும், விசை தளர்ந்து தண்ணீர் முழு உயரம் ஏறாது.

கரும்பலகையைத் துடைக்க நின்ற சூசைமுத்து, துடைக்காமல் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தார்.

இன்று காலை அவர் சோப்பைத் தொடவில்லை; அவள் குழாயை வெறும் தண்ணீரில் பத்துத் தடவை அலசினார். சத்தமில்லாமல் சரியாகிவிட்டால் போதும் என்று நினைத்தார். அவ்வளவு கோழை.

செண்பகவல்லி நோட்டில் எழுதினாள். காரணம், கரைந்த காற்று. கீழே இரண்டு கோடு போட்டாள். நாளை பேராசிரியர் முன்னால் போய் இதைத்தான் சொல்லப்போகிறாள். அவர் சிரிப்பார். எல்லார் முன்னாலும்.

சூசைமுத்து தொட்டிப் பக்கம் போனார். இன்னொரு குழாயை எடுத்தார். என்றைக்கும் போல எலுமிச்சை சோப்புப் போட்டார். என்றைக்கும் போல ஒரே ஒரு தடவை அலசினார்.

கொண்டுவந்து நீட்டினார்.

“அதே தண்ணில இதையும் ஒரு தடவ பாரும்மா.”

அவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள்.

பிறகு, குழாயை மூக்கருகே கொண்டுபோனாள்.